சனிக்கிழமைக்குக் குறித்த ஆப்பரேஷன்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் பொன்னையா ஐயாவை ஹாலிஎல சந்தியில் பதுளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நிறுத்தியிருந்தோம். மனுஷன் இறங்கினாரா, ஆப்பரேஷன் நடந்ததா என்று வழியில் கண்டவர்களெல்லாம் என்னைப் பிடித்துக் கேட்டுவிட்டார்கள். இறங்கினார். இறங்கத்தானே வேணும்! ஆனால் இறங்கின இடத்தில் நடந்ததைக் கேட்டால், அப்படியே அந்த பஸ்ஸிலேயே திரும்பி வந்திருக்கலாம் என்று உங்களுக்கும் தோணும்.

இன்றைக்குத்தான் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

பொன்னையா, தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஆடி மாதம் ஒரு நாள் மூத்திரம் அடைத்துக்கொண்டு துடியாய்த் துடித்துப்போனார். பதுளைப் பெரியாஸ்பத்திரியில் டியூப் போட்டு அனுப்பினார்கள். அன்றிலிருந்து டியூப்பும் காலோடு கட்டிய பையும்தான் அவருடைய பிழைப்பு. ஆப்பரேஷன் செய்தால் எல்லாம் சரியாகிவிடும். இழுத்தடித்தால் கிருமி ஏறிச் சிறுநீரகம் கெடும். ஏற்கெனவே ஒரு தடவை ஏறி, மனுஷன் பிழைத்ததே பெரிய காரியம். இன்னொரு தடவை ஏறினால் தாங்காது என்று டொக்டர் கையை விரித்துவிட்டார்.

பெரியாஸ்பத்திரியில் ஐப்பசிச் செவ்வாய்க்கிழமை ஒன்றுக்குத் தேதி கிடைத்தது. ஐயா என்ன செய்தார்? அதைத் தூக்கி கணபதிக்குக் கொடுத்துவிட்டார்! கணபதி அதே தோட்டத்துப் பழைய கங்காணி. அதே வருத்தம், அதே டியூப். அவருக்கு விழுந்த தேதி மாசி மாதத்தில்.

"கணபதிக்குக் குடுங்க மிஸ். எனக்கு கார்டு இருக்கு," என்றார் ஐயா நர்ஸிடம், கிளினிக் முழுக்கக் கேட்கிற மாதிரி.

கம்பெனி ஓய்வுபெற்ற ஸ்டாப்புக்கு இன்சூரன்ஸ் கார்டு கொடுத்திருந்தது. அந்த கார்டைக் காட்டினால் பதுளையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அதே சர்ஜன், தனி ரூம், தனி நர்ஸ். கொழுந்து பறித்தவர்களுக்கும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியவர்களுக்கும் அந்த கார்டு கிடையாது.

கணபதி கையெடுத்துக் கும்பிட்டார். கிளினிக்கில் இருந்தவர்கள் "மனுஷன்னா இவருதான் மனுஷன்" என்றார்கள். பெண்சாதி தனலெட்சுமி மட்டும் வாயைத் திறக்கவில்லை. நாற்பது வருஷமாகக் கூட இருக்கிறவளுக்குத் தெரியாதா? அந்தப் புண்ணியத்தில் பாதிதான் புண்ணியம். மிச்சப் பாதி, ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே தலைப்பாகையைக் கழற்றி நின்ற கணபதிக்குப் பக்கத்துக் கட்டிலில், அதே ஆஸ்பத்திரி உடுப்பைப் போட்டுக்கொண்டு படுக்கமாட்டேன் என்கிற வீம்பு. தோட்டத்து ஸ்டாப்புக்கு அந்த வீம்பு ரத்தத்தில் ஊறினது. போக்கமுடியாது.

சரி, இனி வெள்ளிக்கிழமைக்கு வருவோம். மறுநாள் ஆப்பரேஷன். இன்றைக்கே வந்து படுக்கச் சொல்லியிருந்தார்கள்.

பதுளையில் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. தனலெட்சுமி ஒரு கையில் உடுப்புப் பையும் மறு கையில் சுடுதண்ணிப் போத்தலுமாக முன்னால் நடந்தாள். ஐயா இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு பின்னால் வந்தார். வாழ்நாளெல்லாம் கால்சட்டை போட்ட மனுஷன், காலில் கட்டிய பைக்காக வேட்டிக்கு மாறியிருந்தார். அதில் அவருக்குத் தாங்கமுடியாத வெட்கம்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரே கூட்டம். அத்தனையும் பழைய ஸ்டாப். டீமேக்கர், ஸ்டோர் கிளாக்கர், டிஸ்பென்சர் என்று ஒரு தோட்டமே குடைபிடித்து நின்றது. கண்ணாடிக் கதவில் சிங்களத்திலும் இங்கிலீசிலும் ஒரு அறிவித்தல். தமிழில் எழுத அவர்களுக்குக் கை வரவில்லை போல.

"என்ன விசேஷம், செல்வரத்தினம் ஐயா?" என்றார் பொன்னையா.

செல்வரத்தினம், அவருடைய தோட்டத்திலேயே மருந்து கொடுக்கிற டிஸ்பென்சராக இருந்த யாழ்ப்பாணத்து மனுஷர். முகம் செத்துப்போய் நின்றார்.

"என்னத்தைச் சொல்ல, பொன்னையா? நேற்றோட முடிஞ்சுதாம். எங்கட கார்டை இனி இவை எடுக்கமாட்டினமாம்."

"எடுக்கமாட்டாங்களா? யாரு சொன்னது?"

"உள்ள போய்க் கேட்டுப் பாரும். என்ர மனுசி சத்தியபாமாவின்ர நெஞ்சு டொக்டர் வாறது இங்க மட்டும்தான். இனி நான் அவளை ஆரிட்டைக் கொண்டுபோறது?"

 ஐயா நின்று கேட்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே கவுண்டருக்குப் போனார்.

கவுண்டரில் இருந்த பிள்ளையின் பெயர் லக்ஷிகா. போன கிழமை இரத்தம் எடுக்க வந்தபோது "தாத்தா, பயப்படாதீங்க" என்று சிரித்த பிள்ளை. இன்றைக்குச் சிரிப்பைக் காணோம்.

"மகள், நாளைக்கு எனக்கு ஆப்பரேஷன். ரூம் சொல்லி வச்சாச்சு," என்றார் ஐயா.

"தெரியும் ஐயா. உங்க பேரு இருக்கு. கார்டைத்தான் எடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"போன கிழமை எடுத்தீங்களே?"

"போன கிழமை ஒப்பந்தம் இருந்துச்சு. இன்சூரன்ஸ்காரங்க பில்லுக்கெல்லாம் இழுத்தடிக்கிறாங்கன்னு எங்க மேலிடம் சொல்லுது. எங்க சார்ஜ் கூடிப்போச்சுன்னு அவங்க சொல்றாங்க. நேத்துப் பின்னேரம்தான் எங்களுக்கே தெரியும் ஐயா. பேசிக்கிட்டு இருக்காங்க."

"பேசி எப்ப முடியும்?" என்று கேட்டாள் தனலெட்சுமி.

"தெரியலையே அம்மா. கையிலிருந்து கட்டினா நாளைக்கே செய்யலாம். இல்லாட்டி கண்டியில கார்டு எடுக்கிற ஆஸ்பத்திரி இருக்குன்னு சொல்லச் சொன்னாங்க."

கையிலிருந்து கட்டுவதாம்! ஐயாவின் சேமலாபப் பணம் ஹாலிஎலயில் நாலு சுவராகி, மகள் கலியாணத்தில் சாப்பாடாகி, எப்போதோ தீர்ந்துபோச்சு. அது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"நான் மேனேஜரைப் பார்க்கலாமா?" என்றார் ஐயா. குரல் தாழ்ந்திருந்தது.

"அவரு இன்னைக்கு இல்ல ஐயா. திங்கக்கிழமை வந்து பாருங்க."

தனலெட்சுமி புருஷன் முகத்தைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. முப்பது வருஷம் ஜன்னலுக்கு உள்ளே இருந்து "இன்னைக்கு முடியாது, திங்கக்கிழமை வா" என்று சொன்ன மனுஷர், இன்றைக்கு வெளியே நின்று அதையே கேட்டார். கேட்டுவிட்டு, பழக்கதோஷம், "சரி, நல்லது" என்று தலையை ஆட்டினார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன நல்லதைக் கண்டாராம்!

ஹாலிஎலப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற மகள் சிவசக்தி, அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் புருஷன் கட்டாரில். அதனால் அப்பா, அம்மா, வீடு எல்லாம் அவள் தலையில்தான். விஷயத்தைக் கேட்டதும் அழாமல் கொள்ளாமல், எதிரே இருந்த, காசு கட்டி போன் பேசுகிற கொமினிகேஷன் கடைக்குள் நுழைந்தாள். அம்மாக்காரியும் கூடவே போனாள்.

முதலில் கண்டிக்கு. அங்கே, இந்த கார்டுக்காரர்களைப் புதிதாகச் சேர்ப்பதில்லை, பதுளைப் பிரச்சினை முடியட்டும் என்றார்கள்.

அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு. கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டார்கள். அப்புறம் ஒருவர் வந்து, ஆஸ்பத்திரிதான் காரணம் என்றார்.

"நாளைக்கு ஆப்பரேஷன் சார். எங்க அப்பா டியூப்போட நிக்கிறாரு," என்றாள் சிவசக்தி.

அவர் வருத்தம் தெரிவித்தார். நல்ல மரியாதையாகத்தான் தெரிவித்தார். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆளை ஆள் கைகாட்டிவிட்டு ரெண்டு பக்கமும் சுகமாக உட்கார்ந்திருக்கிறார்கள்! கட்டிலில் படுக்கவேண்டிய கிழவர்கள் மழையில் நிற்கிறார்கள். இதைக் கேட்க நாதியில்லை.

"அம்மா, நீ அப்பாகூட இரு. நான் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பழைய தேதியைக் கேட்டுட்டு வாறேன்," என்றாள் சிவசக்தி.

பஸ் ஸ்டாண்டுத் தேத்தண்ணிக் கடையில் ஐயாவும் தனலெட்சுமியும் காத்திருந்தார்கள். ஐயா பிளேன்டியைத் தொடவில்லை. வேட்டிக்குள்ளே பை நிறைந்துபோயிருந்தது. கொட்டுவதற்கு இடம் தேடி அவரைக் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். குடையை அவருக்குப் பிடித்துவிட்டு அவள் நனைந்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"வெள்ளைக்காரத் தொரை காலத்துல ஒரு துண்டு எழுதிக் குடுத்தா எந்த ஆஸ்பத்திரியும் எடுக்கும், தனம்," என்றார்.

"ஆமாங்க," என்றாள். வேறு என்ன சொல்வாள்?

சிவசக்தி வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே பதில் தெரிந்துவிட்டது.

"மாசியிலதான் தேதி இருக்காம். 'உங்கப்பாதானே வேணாம்னு குடுத்தாரு'ன்னு மிஸ் கேக்குறாங்க. எனக்கு முகம் வைக்க இடமில்லை."

"மாசியா?" என்றாள் தனலெட்சுமி.

"ஒரு வழிதான் இருக்கும்மா. கணபதி மாமாவே வந்து, செவ்வாய்க்கிழமை எனக்கு வேணாம், இவருக்கே செய்யுங்கன்னு சொல்லணும். அதுவும் நாளைக்குக் காலைலயே சொல்லணும். அதுக்குப் பிறகு லிஸ்டை மாத்தமாட்டாங்களாம்."

"வாய மூடு!" என்றார் ஐயா. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "குடுத்ததைத் திருப்பிக் கேக்குற குடும்பமா இது? கணபதி வாசல்ல போய் நிக்கவா? அதுக்கு நான் செத்துப்போறேன்."

"செத்துத்தான் போவீங்க," என்று வந்ததைச் சிவசக்தி பல்லைக் கடித்து விழுங்கினாள். விழுங்கினது தனலெட்சுமிக்குத் தெரிந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஐயாவின் தோள் தன்மேல் சாய்ந்தபோதுதான் அவள் கவனித்தாள். உடம்பு லேசாக உதறியது. கையைத் தொட்டுப் பார்த்தாள். சூடு.

"குளிருதுங்களா?"

"மழைதானே," என்றார்.

போன தடவை கிருமி ஏறினபோதும் இப்படித்தான் மழையென்று ஆரம்பித்தது.

வீட்டில் அவரைப் படுக்கவைத்து, கம்பளியைப் போர்த்தி, மாத்திரை கொடுத்தாள். மகளிடம், "கோயிலுக்குப் போயிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சந்திக்கு வந்து ஏறியதோ பண்டாரவளை பஸ். தெமோதரையில் இறங்கி, தேயிலைக்கு நடுவே ஏறுகிற வழியைப் பிடித்தாள். கலியாணமாகி வந்த நாளிலிருந்து தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பக்கம் அவள் போனது சாவு வீட்டுக்கு மட்டும்தான். கிளாக்கரம்மா லயத்துக்குப் போகிற வழக்கம் இல்லை. இன்றைக்கு வழக்கமாவது ஒன்றாவது!

வழிநெடுக ஒரே பாடம். "கணபதி, நிலைமை இப்படி. நாங்க குடுத்ததுதானே, திருப்பிக் கேட்டா தப்பில்லையே." சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். நியாயமாகத்தான் இருந்தது. 

கணபதியின் பெண்சாதி ரெங்கம்மா வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். கண்டதும் பதறிப்போனாள்.

"ஐயோ, அம்மாவா! இந்த மழையில நடந்தா வந்தீங்க? உள்ள வாங்கம்மா. இங்க பாருங்க, யாரு வந்திருக்காங்கன்னு!"

உள்ளே இருந்த ஒரே நாற்காலியைச் சேலைத்தலைப்பால் துடைத்துப் போட்டாள். கணபதி கட்டிலில் இருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடுப்பில் அதே டியூப், அதே பை. மூலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு பை கட்டி வைத்திருந்தது. புதுத் துவாய் ஒன்று மேலே தெரிந்தது.

"உக்காருங்க கணபதி," என்றாள் தனலெட்சுமி.

"இருக்கட்டும்மா." நின்றபடிதான் இருந்தார்.

"நாளைக்கு ஐயாவுக்கு ஆப்பரேஷன்லம்மா?" என்றாள் ரெங்கம்மா. "நேத்துக் கோயில்ல ஐயா பேருக்கும் சேர்த்துத்தான் அர்ச்சனை பண்ணினேன். அவரு அந்தத் தேதியைக் குடுக்காட்டி இவரு கதி என்னாகியிருக்கும்? சாமி மாதிரி குடுத்தாரு."

இதற்குமேல் எப்படிக் கேட்கிறது? நீங்களே சொல்லுங்கள். எழுந்து போய்விடலாம் என்றுதான் தனலெட்சுமி நினைத்தாள். அப்போது பஸ்ஸில் தோளில் பட்ட அந்தச் சூடு நினைவுக்கு வந்தது. கேட்டுவிட்டாள்.

பாடம் பண்ணின ஒன்றும் வரவில்லை. கார்டை எடுக்கவில்லை, கண்டியிலும் எடுக்கவில்லை, மாசியில்தான் தேதி, அவருக்குக் காய்ச்சல் ஆரம்பிச்சிருச்சு என்று முன்னும் பின்னுமாக உளறினாள். கடைசியில் அழுதாள். கிளாக்கரம்மா லயத்துக்குள் உட்கார்ந்து அழுததை அந்தத் தோட்டம் கண்டதில்லை.



கணபதி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இதுக்கா அழுறீங்க? ஐயா தேதி, ஐயாவே எடுத்துக்கட்டும். நாளைக்கு வெள்ளன போய் மிஸ்கிட்ட நானே சொல்லிர்றேன்."

"உங்களுக்கு?"

"எனக்கென்னம்மா, மாசிவரைக்கும் ஓட்டிருவேன்."

அந்தப் பதில் வந்த வேகம்தான் தனலெட்சுமியைச் சுட்டது. கொஞ்சம் முகம் சுளித்திருந்தால்கூடத் தேவலை. ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று என்ன சொன்னாலும் "சரிங்கய்யா" என்றே பழகிய வாய். யோசித்துச் சொன்ன சரியா, பழக்கத்தில் வந்த சரியா என்று யாரால் பிரித்துப் பார்க்கமுடியும்? அவள் கும்பிட்டாள். தேத்தண்ணி குடிக்காமலே எழுந்தாள்.

பாதி வழி இறங்கியிருப்பாள். பின்னால் "அம்மா, அம்மா" என்று சத்தம். ரெங்கம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. அவரு சொல்லமாட்டாரு. சொன்னா வாயக் கிழிச்சுருவேன்னு என்னையும் மெரட்டிட்டாரு." மூச்சிரைத்தது. "ரெண்டு நாளா அவருக்கும் காய்ச்சல்மா. பையில ரெத்தமா வருது. இனித் தள்ளிப்போட்டா கிட்னி போயிரும்னு மிஸ் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. செவ்வாய்க்கிழமை இருக்குல்லன்னுதான் நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."



"உங்க காலைப் பிடிச்சுக் கேக்கலம்மா. ஐயா நல்லா இருக்கணும். ஆனா இவரும்..." ரெங்கம்மாவின் தலையிலிருந்து சாக்கு நழுவி விழுந்தது. அதை எடுத்து மறுபடி தலையில் போடக்கூடத் தோணாமல் நின்றாள்.

"நான் வரவே இல்லைன்னு நெனைச்சுக்க, ரெங்கம்மா," என்றாள் தனலெட்சுமி. "அவரை எங்கயும் போகவேணாம்னு சொல்லிரு. நாங்க வேற வழி பார்த்துக்கிறோம்."

வேறு வழி! சொல்கிறபோதே அவளுக்குத் தெரியும், அப்படி ஒன்று கிடையாது என்று. ரெங்கம்மாவுக்கும் தெரியும். ரெங்கம்மா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேலே ஏறினாள். தனலெட்சுமி கீழே இறங்கினாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து யார் யாரையோ சபித்தாள். ஆஸ்பத்திரியை, இன்சூரன்ஸ்காரனை, கம்பெனியை. அப்புறம் புருஷனையும் சபித்தாள். எந்த வேளையில் அந்தத் தேதியைத் தூக்கிக் கொடுத்தாரோ! பேசாமல் கணபதிக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தால் என்ன குடியா முழுகிப்போகும்? அப்புறம், அப்படி அவர் கொடுக்காமல் இருந்திருந்தால் மாசிவரைக்கும் கணபதி இருந்திருப்பாரா என்று தோணியது. அதோடு சபிப்பதும் நின்றுபோனது. யாரைத் திட்டினாலும் ஒரு பக்கம் இடித்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தாள். ஐயா முன்னறையில் சாய்வு நாற்காலியில் கம்பளியோடு இருந்தார். காய்ச்சல் ஏறியிருந்தது.

"எந்தக் கோயிலுக்கும்மா இவ்வளவு நேரம்?" என்றாள் சிவசக்தி. பிறகு அவளை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போய், "அம்மா, எனக்கு வேற வழி தெரியல. அப்பாவுக்குத் தெரியாம கணபதி மாமாகிட்டப் போய்க் கேப்பமா?" என்று கிசுகிசுத்தாள்.

"வேணாம்."

"ஏன்மா? அது நம்ம தேதிதானே? நீயும் அப்பா மாதிரி ஸ்டாப் மரியாதை பார்க்கிறியா? மாசிவரைக்கும் இந்த உடம்பு தாங்குமா?"

தனலெட்சுமி உலையில் அரிசியைப் போட்டாள். கேட்டதையும் சொல்லவில்லை, கணபதி சரி என்றதையும் சொல்லவில்லை. சொன்னால் மகள் இப்பவே ஓடுவாள். சொல்லாவிட்டால் உள்ளே கிடக்கிறவர் கதி? 

வாசலில் யாரோ செருமுகிற சத்தம் கேட்டது.

"யாரு?" என்றார் ஐயா.

"நான்தாங்கய்யா. கணபதி."

தனலெட்சுமி கையிலிருந்த அகப்பையோடு முன்னறைக்கு ஓடினாள். கணபதி வாசற்படிக்கு வெளியே நின்றார். தொப்பலாக நனைந்திருந்தார். ரெங்கம்மா பின்னால், முகத்தைத் தூக்காமல்.

"என்ன கணபதி, இந்த மழையில? உள்ள வா," என்றார் ஐயா.

"உள்ள வேணாங்க. ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போயிர்றேன். அம்மா வந்து கேட்டாங்க. நான் சரின்னுட்டேன். பிறகு இந்தக் கழுதை போய் ஏதோ சொல்லி அம்மா மனசைக் கலைச்சிருச்சு." கணபதி ரெங்கம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "அதைக் கணக்குல எடுக்காதீங்கய்யா. செவ்வாய்க்கிழமை உங்களதுதான். நாளைக்குக் காலைல நீங்களும் வந்தா ஒண்ணாவே போய்ச் சொல்லிரலாம்."

ஐயா மெதுவாகத் திரும்பித் தனலெட்சுமியைப் பார்த்தார்.

"நீ போனியா?"

"போனேங்க."

"லயத்துக்கு?"

"ஆமாங்க. எனக்கு நீங்க வேணும்ங்க," என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. கலியாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

ஐயா கோபப்படுவார் என்றுதான் நினைத்தாள். கோபப்படவில்லை. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். 

அந்த நேரம் பார்த்துக் கணபதியின் முழங்கால் மடங்கியது. நிலையைப் பிடிக்கப் பார்த்தார், பிடி கிடைக்கவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பெரிய கிளாக்கர் முன்னால் கணபதி உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. சிவசக்தி ஓடிப்போய்த் தாங்கினாள்.

"அம்மா! இவருக்கு உடம்பு கொதிக்குது!"

"ஒண்ணுமில்ல பாப்பா. மழை," என்றார் கணபதி. தலையை நிமிர்த்தி ஐயாவையே பார்த்தார். "சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. கடைசி பஸ் போயிரும்."

ரெங்கம்மா தனலெட்சுமியைப் பார்த்தாள். நாங்க வேற வழி பார்த்துக்கிறோம் என்று சொன்னவள் இவள்தான். அந்தப் பார்வையைத் தாங்கமுடியாமல் தனலெட்சுமி புருஷன் பக்கம் திரும்பினாள். அவர் வாயைத் திறந்தார். 

சரின்னு சொல்லிருங்க, சரின்னு சொல்லிருங்க என்று தனலெட்சுமியின் மனசு கெஞ்சியது. படியில் உட்கார்ந்திருந்த கணபதியின் கை நடுநடுங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் கெஞ்சியது.